காட்சிக் குறிப்பிலிருந்து அத்தியாயம்: ஏஐ எழுதும் வரைவில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்ற பொது உரையாடல் கருவிகளானாலும், சூடோரைட், நாவல்கிராஃப்டர் போன்று நாவலுக்கென்றே அமைந்த மென்பொருளானாலும், வேலை நடக்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். நீங்கள் காட்சிக் குறிப்பைக் கொடுக்கிறீர்கள். அது வரைவை எழுதுகிறது. அப்படி வந்த காட்சிகளை வெட்டி, திருத்தி, இணைத்து அத்தியாயமாக்குகிறீர்கள். வரைவு பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலானோர் உடனே செய்வது, "மீண்டும் உருவாக்கு" பொத்தானை அழுத்துவது. கட்டளையை மாற்றாமல் அதை எத்தனை முறை அழுத்தினாலும் கோளாறு போகாது. அதே கோளாறு வேறு சொற்களில் திரும்பி வரும்.

அதனால் முதலில் அறிகுறியைப் பாருங்கள். கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: காட்சிக் குறிப்பில், பாத்திரங்களையும் பின்னணியையும் சேர்த்து வைத்திருக்கும் கதைக் கோப்பில், அல்லது நடைக்கு என்று கொடுத்த மாதிரியில் (பலர் மாதிரியே கொடுப்பதில்லை). எந்த இடம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

விளக்கத்துக்காக ஒரே கதையைக் கடைசி வரை வைத்துக்கொள்கிறேன். ஆண்டு 1987. இடம் அம்பாசமுத்திரம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அண்ணன் முருகேசன், திருமணமாகி வேறு ஊரில் இருக்கும் தங்கை செல்வியை வரவழைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவள் எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறான். அந்தக் காலைப்பொழுதுதான் காட்சி.

## காட்சி கேட்டால் கதைச்சுருக்கம் வருகிறது

ஆயிரம் சொல்லாவது வர வேண்டிய காட்சி முந்நூறு சொல்லில் முடிந்துவிடுகிறது. "இருவரும் நீண்ட நேரம் வாதிட்டார்கள். இறுதியில் செல்வி சம்மதித்தாள்" என்று வருகிறது. என்ன வாதம், யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் இல்லை.

இது முழுக்க முழுக்கக் குறிப்பின் கோளாறு. இப்படித்தான் குறிப்பு இருந்திருக்கும்:

"செல்வியும் முருகேசனும் பதிவு அலுவலகம் போகிறார்கள். வாக்குவாதம். கடைசியில் அவள் கையெழுத்துப் போடுகிறாள்."

சுருக்கத்தைக் கொடுத்தால் கொஞ்சம் நீட்டிய சுருக்கம்தான் திரும்பி வரும். நடப்பதை எழுதினால் போதாது. யாருக்கு என்ன வேண்டும், எதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது, காட்சி எங்கே நிற்க வேண்டும் என்ற நான்கும் குறிப்பில் வர வேண்டும். அதே காட்சிக்கு இன்னொரு குறிப்பு:

"காலை பத்தரை. அலுவலக வாசலில் பத்திர எழுத்தரின் மேசை. முருகேசனுக்கு இன்றே பதிவு முடிந்தாக வேண்டும். வீட்டை அடமானம் வைக்கப் பேசி முடித்துவிட்டான், அதைத் தங்கையிடம் சொல்ல மாட்டான். செல்விக்கு வீட்டில் பங்கு வேண்டாம். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த பின்கட்டு அறையைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தையாவது பேசுவானா என்று பார்க்கிறாள். வாய்விட்டுக் கேட்க மாட்டாள். எழுத்தர் பத்திரத்தை உரக்க வாசிக்கிறார். 'எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை' என்ற இடம் வந்ததும், இன்னொரு தடவை வாசிக்கச் சொல்கிறாள் செல்வி. முருகேசன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். மதினி கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறாள். செல்வி பேனாவை வாங்குகிறாள். அங்கே நிறுத்து."

இதில் வாக்குவாதம் என்ற சொல்லே இல்லை. ஆனால் வாக்குவாதத்துக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. இவ்வளவு எழுதுவதற்குக் காட்சியையே நானே எழுதிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றினால், தாராளமாக எழுதிவிடுங்கள். அதற்கு எந்த மென்பொருளும் வேண்டியதில்லை.

இனி அளவு. "2000 சொற்களில் எழுது" என்று கேட்டால் சொன்னபடி வராது. இந்தக் கருவிகள் சொல்லை எண்ணி எழுதுவதில்லை. குறிப்பை மூன்று துண்டாக வெட்டுங்கள்: வந்து சேர்வது, வாசிப்பு, பேனா. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எங்கே நிதானிக்க வேண்டும் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும்: "வந்து சேர்வதை நான்கு வரியில் முடி, பத்திரம் வாசிக்கும் இடத்தில் வரிக்கு வரி போ." சொல்லாவிட்டால் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் ஒரே அளவு இடம் ஒதுக்கிவிடும்.

## ஒவ்வொரு காட்சியும் தத்துவத்தில் முடிகிறது

"அன்று தான் இழந்தது வீட்டை மட்டுமல்ல என்பது செல்விக்குப் புரிந்தது." இந்த வரியை எங்கோ படித்த மாதிரி இருக்கும். ஏஐ எழுதிய வரைவுகளைப் பத்து நாள் படித்தவர்களுக்கு இது மனப்பாடம்.

கேள்விக்கு முழுமையான பதில் தந்து முடிப்பதற்காகப் பழக்கப்பட்டவை இந்தக் கருவிகள். கதைக் காட்சியையும் ஒரு பதிலாகவே முடித்து வைக்கப் பார்க்கின்றன. "தத்துவமாக முடிக்காதே" என்று சொன்னால் பாதி நேரம்தான் பலிக்கும். அதைவிடச் சிறந்த வழி, கடைசிச் செயலைக் குறிப்பிலேயே கொடுத்து நிறுத்தச் சொல்வது. மேலே "பேனாவை வாங்குகிறாள், அங்கே நிறுத்து" என்றது அதற்காகத்தான். அடுத்த காட்சியின் முதல் வரியையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கதை மேலே தொடரப்போகிறது என்று தெரிந்தால் முடித்து வைக்கும் அவசரம் குறைகிறது. அப்படியும் வந்தால் யோசிக்காமல் கடைசிப் பத்தியை வெட்டுங்கள். பெரும்பாலும் அதற்கு முந்தைய பத்தியே நல்ல முடிவாக இருக்கும்.

## எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்

எழுத்தரும் அண்ணனும் தங்கையும் மதினியும் ஒரே பள்ளியில் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள்போலப் பேசுகிறார்கள். அத்துடன் ஒவ்வொருவரும் மனதில் இருப்பதை அப்படியே எடுத்து வைக்கிறார்கள். "நீ என்னைப் புறக்கணித்ததாக நான் உணர்கிறேன், அண்ணா" என்கிறாள் செல்வி. அம்பாசமுத்திரத்தில் 1987இல் எந்தத் தங்கையும் அண்ணனிடம் இப்படிப் பேசியிருக்க மாட்டாள். மனநல ஆலோசகரின் அறையில்கூட இந்தத் தமிழ் கேட்காது.

இதைச் சரிசெய்ய, கதைக் கோப்பில் பாத்திரத்தின் குணங்களை அடுக்குவது பலருடைய வழக்கம்: "செல்வி: அமைதியானவள், அழுத்தமானவள், பாசமுள்ளவள்." இதனால் பயனில்லை. குணத்தின் பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரையே வரைவில் திருப்பித் தரும். அவள் அமைதியாகப் பார்ப்பாள், அழுத்தமாகச் சொல்வாள், பாசத்துடன் சிரிப்பாள்.

வேலை செய்வது வேறு. ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு வரி வசனத்தை நீங்களே எழுதிக் கோப்பில் வையுங்கள். வசனம் எதைப் பற்றியும் இருக்கலாம்: கடைக்காரரிடம் பேசுவது, குழந்தையை அதட்டுவது. இத்துடன் பேச்சுப் பழக்கத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். முருகேசன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்பான். செல்வி கோபம் வந்தால் பேச்சை மாற்றிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவாள். எழுத்தர் யாரையும் முகம் பார்த்துப் பேச மாட்டார். பத்திரத்தைப் பார்த்தே பேசுவார். இப்படிக் கொடுத்தால், "வீட்டில் பால் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாயா?" என்று செல்வி கேட்பதே சண்டையாகிவிடும்.

வட்டார வழக்கு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நெல்லை வழக்கில் எழுது என்று கேட்டால் கருவி எழுதத்தான் செய்கிறது. ஆனால் நாலு வரி நெல்லை, ஐந்தாவது வரி சென்னை, ஆறாவது வரி தொலைக்காட்சித் தொடர் என்று வரும். ஓரிரு அடையாளச் சொற்களைப் பிடித்துக்கொண்டு அவற்றையே வாக்கியத்துக்கு வாக்கியம் தூவும். எனவே வரைவில் வசனத்தைப் பொதுத் தமிழிலேயே வாங்கிக்கொண்டு, வழக்குக்கு மாற்றுவதைக் கையால் செய்யுங்கள். காது உங்களுடையது. உங்கள் பாட்டி பேசிக் கேட்ட தமிழைக் கருவி கேட்டதில்லை.

## உறவுமுறையும் மரியாதையும் மாறிக்கொண்டே இருக்கின்றன

தமிழில் எழுதுபவர்களை மிக அதிகமாகப் படுத்துவது இதுதான். முதல் காட்சியில் "அப்பா வந்தார்". மூன்றாவது காட்சியில் "அப்பா வந்தான்". அண்ணனை "நீ" என்றவள் அடுத்த பக்கத்தில் "நீங்கள்" என்கிறாள். மதினி என்று எழுதச் சொன்னவளை அண்ணி என்றும், போதாக்குறைக்கு "சகோதரனின் மனைவி" என்றும் குறிப்பிடுகிறது. அத்தை மகன் "உறவினர்" ஆகிவிடுகிறான். அத்தை மகன் என்றால் கட்டிக்கொள்ளும் முறை என்பது தமிழ் வாசகருக்குச் சொல்லாமலே தெரியும். "உறவினர்" என்ற ஒரே சொல்லில் அந்தக் கதையே காணாமல் போய்விடுகிறது.

காரணம் எளிது. இந்தக் கருவிகள் படித்துப் பழகிய எழுத்தில் ஆங்கிலத்தின் பங்கு மிகப் பெரியது. அங்கே சித்தப்பாவும் மாமாவும் ஒரே சொல். நீயும் நீங்களும் ஒரே சொல். நீங்கள் வரையறுத்துக் கொடுக்காத இடத்திலெல்லாம் கருவி ஊகிக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக.

கதைக் கோப்பில் விளி அட்டவணை ஒன்றை வையுங்கள். பாத்திர விவரத்தைவிட இது முக்கியம். வடிவம் இப்படி இருக்கலாம்:

"செல்வி முருகேசனை 'அண்ணன்' என்று அழைப்பாள், 'நீ' என்று பேசுவாள். கதைசொல்லி முருகேசனை 'அவன்' என்பார். செல்வி முருகேசனின் மனைவியை 'மதினி' என்று அழைப்பாள், 'நீங்கள்' என்று பேசுவாள். கதைசொல்லிக்கு அவள் 'அவள்'. எழுத்தரை எல்லோரும் 'ஐயா', 'நீங்கள்'. எழுத்தர் முருகேசனை 'நீங்க' என்பதற்கும் 'தம்பி' என்பதற்கும் நடுவில், விளிக்காமலே பேசுவார். இறந்த அப்பா எப்போதும் 'அவர்'."

கதைசொல்லி யாரை அவன் என்கிறார், யாரை அவர் என்கிறார் என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். தமிழில் வினைமுற்று வரை அது போய் ஒட்டிக்கொள்வதால், ஒரு இடத்தில் தவறினால் பத்து இடத்தில் திருத்த வேண்டியிருக்கும்.

அட்டவணை இருந்தும் மாறுகிறதா? அப்படியானால் அட்டவணை கருவியைச் சென்றடையவே இல்லை. நாவலுக்கான மென்பொருள்கள் சில, கோப்பு முழுவதையும் ஒவ்வொரு முறையும் அனுப்புவதில்லை. காட்சிக் குறிப்பில் பாத்திரத்தின் பெயர் கண்ணில் பட்டால்தான் அந்தப் பாத்திரத்தின் பதிவை எடுத்துக் கட்டளையோடு சேர்க்கும். தமிழுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் மென்பொருளில், கோப்பில் "செல்வம்" என்றிருந்து குறிப்பில் "செல்வத்திடம்" என்று வந்தால் பொருந்தாது. "ம்" போய் "த்து" வந்துவிட்டதே. முழுச் சொல்லாகப் பொருந்த வேண்டும் என்ற மென்பொருளில் "செல்விக்கு", "முருகேசனை" என்பவையும் நழுவும். "அண்ணன்" என்று மட்டும் எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம். மாற்றுப் பெயர்களைச் சேர்க்க இடம் இருந்தால் வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களையும் உறவுப் பெயரையும் அங்கே கொடுத்துவிடுங்கள். அதற்கு வழியில்லையா? குறிப்பின் முதல் வரியில் "இக்காட்சியில் இருப்பவர்கள்: செல்வி, முருகேசன், மதினி, எழுத்தர்" என்று உருபு ஏற்றாத பெயர்களாக எழுதுங்கள். அனுப்பப்போகும் முழுக் கட்டளையையும் முன்கூட்டியே காட்டும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால், குறை சொல்வதற்கு முன் அதைத் திறந்து பார்ப்பது உத்தமம்.

## ஆறாவது அத்தியாயத்தில் முதல் அத்தியாயத்தை மறந்துவிடுகிறது

பின்கட்டு அறை மாடியறை ஆகிறது. இரண்டாவது அத்தியாயத்தில் விற்ற மாடு ஆறாவது அத்தியாயத்தில் கத்துகிறது.

ஒரே உரையாடலில் நாவல் முழுவதையும் எழுதிக்கொண்டே போகிறவர்களுக்கு இது நிச்சயம் வரும். ஒரு நேரத்தில் கருவி பார்க்கக்கூடிய எழுத்துக்கு எல்லை உண்டு. அதை டோக்கன் கணக்கில் அளக்கிறார்கள். சாட்ஜிபிடிக்கு முன்னோடியாக 2020இல் வந்த ஜிபிடி-3க்கு இந்த எல்லை 2048 டோக்கன். 2024இல் அறிவிக்கப்பட்ட ஜெமினி 1.5 ப்ரோவுக்கு அது பத்து லட்சம். ஆனால் டோக்கன் என்பது சொல் இல்லை, சொல்லின் துண்டு. தமிழ்ச் சொற்கள் அதிகத் துண்டுகளாக உடையும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது அதன் நிறுவனமே தந்த எடுத்துக்காட்டில், ஒரு தமிழ் வாக்கியம் பழைய முறையில் 116 டோக்கனும் புதிய முறையில் 35 டோக்கனும் எடுத்தது. அதே பொருளை ஆங்கிலத்தில் சொன்னால் 35ஐ விடவும் குறைவு. இலவசக் கணக்குகளில் எல்லை சீக்கிரம் வந்து முட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லை பெரிதாக இருந்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. நீண்ட உரையைக் கொடுத்தால் அதன் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பவற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் இருப்பவற்றைத் தவறவிடும் போக்கை 2023இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே அதிகமாகக் கொடுப்பதைவிடத் தேர்ந்து கொடுப்பது மேல். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் புதிய உரையாடலைத் தொடங்குங்கள். அதில் விளி அட்டவணை, இதுவரை நடந்ததை அத்தியாயத்துக்கு நான்கைந்து வரியாகச் சொல்லும் சுருக்கம், முந்தைய காட்சியின் கடைசி இருநூறு சொற்கள், இந்தக் காட்சியின் குறிப்பு ஆகியவை இருந்தால் போதும். குறிப்பு கடைசியில் வரட்டும். சுருக்கத்தைக் கருவியே எழுதித் தரும். ஆனால் மாடு விற்றதைப் போன்ற சின்னச் சின்ன விவரங்களை அது விட்டுவிடும் என்பதால் நீங்கள் ஒரு முறை பார்த்துச் சேர்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: தெரியக்கூடாதது தெரிந்துவிடுவது. அடமான விஷயம் செல்விக்குப் பத்தாவது அத்தியாயத்தில்தான் தெரிய வேண்டும். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே, "கடனை அடைக்கத்தானே இந்த அவசரம்?" என்று கேட்டுவிடுகிறாள். கோப்பில் ரகசியம் எழுதியிருக்கிறது. கருவி அதைப் படித்துவிட்டது. படித்ததைப் பயன்படுத்தாமல் இருக்க அதற்குத் தெரியவில்லை. ரகசியங்களைப் பொதுக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, தேவைப்படும் காட்சியின் குறிப்பில் மட்டும் எழுதுங்கள். அங்கும் "செல்விக்கு இது தெரியாது" என்று ஒரு வரி அவசியம்.

## எழுத்து தமிழ்தான், வாக்கியம் தமிழ் இல்லை

இதைக் காதால்தான் கண்டுபிடிக்க முடியும். வாய்விட்டுப் படியுங்கள். "அவள் ஒரு ஆழமான மூச்சை எடுத்தாள்." "ஒரு கனமான மௌனம் அறையை நிரப்பியது." "அவனது கண்களில் ஒரு இனம்புரியாத உணர்வு மின்னியது." பெரிய இலக்கணப் பிழை எதுவும் இல்லை, இருந்தும் படிக்க முடியவில்லை. தேவையில்லாத இடத்திலெல்லாம் "ஒரு" வந்து உட்கார்ந்திருக்கும். மௌனமும் வெளிச்சமும் நினைவுகளும் எழுவாயாகி வேலை செய்துகொண்டிருக்க, மனிதர்கள் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள்.

முதலில் பாருங்கள், குறிப்பை எந்த மொழியில் கொடுத்தீர்கள்? ஆங்கிலத்தில் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னால் மொழிபெயர்ப்புத்தான் வரும். குறிப்பு, கோப்பு, சுருக்கம் மூன்றும் தமிழிலேயே இருக்கட்டும். இந்த ஒரு மாற்றமே வரைவைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றும்.

அடுத்தது நடை மாதிரி. நீங்கள் முன்பு எழுதிய கதையிலிருந்து இரண்டு பக்கத்தைக் கொடுத்து, இதே வாக்கிய ஓட்டத்தில் எழுது என்று சொல்லுங்கள். வேறு எழுத்தாளரின் பெயரைச் சொல்லி அவர் நடையில் எழுதச் சொல்வது வேண்டாம். வருவது கேலிச்சித்திரமாகத்தான் இருக்கும், அதுவும் உங்களுடையதாக இருக்காது. தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியலை நீளமாகக் கொடுப்பதும் வீண். "பெருமூச்சு வேண்டாம்" என்று பத்து தடவை படித்த கருவிக்குப் பெருமூச்சு ஞாபகமாகவே இருக்கும். ஐந்து சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சியவற்றைத் திருத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வெப்பநிலை என்ற அளவுகோலை மாற்ற வசதி தரும் மென்பொருள்களும் உண்டு. அதை உயர்த்தினால் எதிர்பாராத சொற்கள் வரும் என்று கேள்விப்பட்டு உச்சிக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒரே தமிழ்ச் சொல் பல துண்டுகளால் ஆனது என்பதால், துண்டுகளே எதிர்பாராதவையாக வரத் தொடங்கினால் அகராதியில் இல்லாத சொற்கள் பிறக்கும். நடுவிலேயே விடுங்கள். ஒற்று மிகுதல், சந்தி, ரகர றகரங்களைக் கருவி பெரும்பாலும் சரியாகவே எழுதினாலும் நம்பி விட்டுவிட முடியாது. மெய்ப்புப் பார்ப்பது மனிதர் வேலைதான்.

## 1987இல் இல்லாதது காட்சிக்குள் வருகிறது

சார்பதிவாளர் கணினித் திரையைப் பார்க்கிறார். முருகேசன் செல்பேசியை எடுக்கிறான். இந்தியாவில் செல்பேசிச் சேவையே 1995இல்தான் தொடங்கியது. இவை கண்ணில் பட்டுவிடும், வெட்டிவிடலாம். ஆபத்து, பார்வைக்குச் சரியாகத் தோன்றுபவற்றில் இருக்கிறது. "பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பிறப்புரிமை உண்டு, தெரியுமா?" என்று மதினி கேட்பதாக வரைவில் வந்தால், பலர் அப்படியே விட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டில் அந்த உரிமையைத் தந்த சட்டத் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தவும் இல்லை. 1987இல் செல்விக்கு இருந்தது, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் பங்கில் ஒரு பங்கு. அந்தப் பங்கு இருப்பதால்தான் அண்ணனுக்கு அவளுடைய கையெழுத்துத் தேவைப்படுகிறது. இந்த ஒரு விவரம் தவறினால் காட்சியின் காரணமே விழுந்துவிடும்.

கருவியிடமே "இதில் காலப்பிழை உண்டா?" என்று கேட்கலாம், சிலவற்றைப் பிடிக்கும். ஆனால் சரியாக இருப்பதையும் பிழை என்று சொல்லும், பிழைக்கு இன்னொரு பிழையை மாற்றாகத் தரும். சட்டம், விலை, பஸ் தடம், அலுவலக நடைமுறை நான்கையும் தெரிந்தவர்களிடம் கேட்டு, கிடைத்ததைக் கதைக் கோப்பில் "காலம்" என்ற தலைப்பில் பத்து வரியாக வைத்துவிடுங்கள். அந்த வயதுடைய பத்திர எழுத்தர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசக் கிடைத்தால், கதைக்கு வேண்டியதும் கிடைக்கும், வேண்டாததும் கிடைக்கும்.

## கசப்பான இடத்தில் மழுப்புகிறது

அண்ணன் கை ஓங்க வேண்டிய இடத்தில் "அவன் முகம் சிவந்தது" என்று வருகிறது. சாதியைக் குறித்த வசையை எழுத மறுத்து, "அவர்களுடைய பின்னணியைப் பற்றி இழிவாகப் பேசினான்" என்று ஒதுங்குகிறது. சண்டை மூண்ட மறுநிமிடமே இருவரும் சமாதானமாகிறார்கள்.

சமாதானத்தைத் தடுப்பது எளிது: "இக்காட்சியில் இருவரும் சமாதானமாகக் கூடாது, மன்னிப்பு என்ற சொல்லே வரக்கூடாது" என்றால் கேட்கும். வன்முறையைப் பொறுத்தவரை, கதையில் அது எதற்காக வருகிறது என்பதை இரண்டு வரியில் விளக்கினால் ஓரளவு எழுதும். சாதி வசைக்கு அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லிவிட்டு, நீங்களே எழுதுங்கள். அந்தச் சொல்லைக் கதையில் வைப்பதா வேண்டாமா என்ற பொறுப்பு எப்படியும் உங்களுடையதுதான்.

## காட்சிகள் நன்றாக இருக்கின்றன, அத்தியாயம் ஒட்டவில்லை

தனித்தனியாக எழுதிய நான்கு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நான்கும் வெயிலிலோ விடியலிலோ தொடங்கும். செல்வி யார் என்று நான்கு முறை அறிமுகம் நடக்கும். நான்கிலும் யாராவது சன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள்.

காட்சிகளின் முதல் இரண்டு வரிகளையும் கடைசி இரண்டு வரிகளையும் மட்டும் நகலெடுத்து ஒரே பக்கத்தில் ஒட்டிப் படியுங்கள். திரும்பத் திரும்ப வருவது உடனே தெரியும். இரண்டாவது காட்சியிலிருந்து குறிப்பில் "பாத்திரங்கள் ஏற்கெனவே அறிமுகமானவர்கள், பேச்சின் நடுவில் தொடங்கு" என்று சேர்த்துவிடுங்கள். இணைப்புப் பத்தி எழுதச் சொல்லாதீர்கள். எழுதச் சொன்னால் "நாட்கள் உருண்டோடின" என்று வரும். இரண்டு காட்சிக்கு நடுவே ஒரு வரி இடம் விட்டாலே போதும், வாசகர் தாண்டி வந்துவிடுவார்.

## கண் முன்னால் இருக்கும் பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை

"கோமதி" என்ற பெயரைக் "கௌரி" என்று மாற்ற வேண்டும். தேடி மாற்றினால் சில இடங்களில் மட்டும் மாறுகிறது. "கோ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியாகவோ, கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவோ. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பல இடங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டிய கோப்பில் இரண்டும் கலந்திருக்கும். தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யாமல், மாறாமல் நிற்கும் சொல்லையே நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள். ஔகாரத்துக்குப் பதிலாக "ள" எழுத்து புகுந்துவிட்ட "மெளனம்" போன்றவையும் இதே வகைத் தொல்லை.

## பதிவேற்றும்போது ஏஐ பற்றிக் கேட்கிறது

அமேசான் கிண்டிலில் நூலை ஏற்றும்போது, உள்ளடக்கம் ஏஐ உருவாக்கியதா என்ற கேள்வி 2023 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. நான் நிறையத் திருத்தினேனே, இல்லை என்று போடலாமா என்று பலர் தயங்குகிறார்கள். அமேசானின் வரையறை தெளிவானது: வரைவைக் கருவி எழுதியிருந்தால், பிறகு எவ்வளவு திருத்தினாலும் அது ஏஐ உருவாக்கியதுதான், அறிவிக்க வேண்டும். நீங்கள் எழுதியதைச் செப்பனிடவோ யோசனை கேட்கவோ மட்டும் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் அறிவிக்கத் தேவையில்லை. இதழ்களுக்கும் போட்டிகளுக்கும் விதிகள் வேறு வேறு. அமெரிக்க அறிவியல் புனைவு இதழான கிளார்க்ஸ்வேர்ல்ட், ஏஐ எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே சில காலம் நிறுத்தி வைத்திருந்தது. ஆகவே அனுப்புவதற்கு முன் விதிகளைப் படியுங்கள். காட்சிக் குறிப்பு, கருவி தந்த வரைவு, உங்கள் திருத்தம் மூன்றையும் தேதியிட்டுத் தனித்தனிக் கோப்பாக வைத்திருங்கள்; எந்தப் பக்கம் யார் எழுதியது என்று ஆசிரியர் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.